விளையாட்டைக் காப்பது குற்றமா? பழைய வீடியோ கேம்களுக்கு வந்த சோதனை!

18 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இணையதளம், 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தன் அலமாரியைத் திடீரென்று பூட்டிவிட்டது.

அதன் பெயர் 'எமுபாரடைஸ்'. பழைய வீடியோ கேம்களின் நகல்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன. சின்ன வயதில் ஆடிய விளையாட்டைத் தேடி, உலகத்தின் மூலை முடுக்கில் இருந்தெல்லாம் மக்கள் அங்கே வந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தத் தளத்தைத் தொடங்கியவர் இந்தியாவில் வளர்ந்தவர். சிறு வயதில் அந்த விளையாட்டுகளில் பல அவருக்குக் கிடைக்கவில்லை. தமக்குக் கிடைக்காத இன்பம் மற்றவர்களுக்காவது கிடைக்கட்டும் என்று 2000-ம் ஆண்டில் அதை ஆரம்பித்தார்.

அப்படி ஆசையோடு வளர்த்ததை அவரே ஏன் பூட்டினார்?

அதற்கு முந்தைய மாதம்தான், அதே போன்ற வேறு இரண்டு தளங்கள் மீது நிண்டெண்டோ கம்பெனி அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தது. கேட்ட நஷ்டஈடு கொஞ்ச நஞ்சம் அல்ல. அந்த ஆபத்தில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை என்று அவர் அறிவித்தார்.

அடுத்தவர் பொருளை அனுமதி இல்லாமல் நகல் எடுத்துக் கொடுப்பது தவறு இல்லையா? சட்டப்படி பார்த்தால் தவறுதான்.

ஆனால், அந்த நகல் இல்லாவிட்டால் அந்தப் பொருளே உலகத்தில் இல்லாமல் போய்விடும் என்றால்? இதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் சண்டை.

கேசட்டுக்குள் என்ன இருக்கிறது?

வீடியோ விளையாட்டுக்கு வயது 50-க்கு மேல் ஆகிவிட்டது. 1972-ல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி 'பாங்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. திரையில் இரண்டு கோடுகள், ஒரு புள்ளி. அவ்வளவுதான். புள்ளிதான் பந்து, கோடுகள்தான் மட்டை!

1978-ல் ஜப்பானில் இருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. 1980-ல் 'பேக்மேன்' வந்தது. 1983-ல் நிண்டெண்டோ கம்பெனி, வீட்டு டி.வி.யோடு இணைத்து ஆடும் 'பேமிகாம்' பெட்டியை ஜப்பானில் விற்றது. 1985-ல் 'சூப்பர் மரியோ' பிறந்தது. மீசை வைத்த அந்தக் குள்ள மனிதரைத் தெரியாத பிள்ளைகள் குறைவு.

1990-களில் நம் ஊர் வீடுகளிலும் கேசட் போட்டு ஆடினார்களே, நினைவு இருக்கிறதா? அந்தப் பெட்டிகளில் பல, பேமிகாமைப் பார்த்துச் செய்த போலிகள்தான்!

கேசட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு பலகை இருக்கும். அதில் ஒரு சிப் இருக்கும். விளையாட்டு முழுவதும் அந்தச் சிப்புக்குள் எண்களாக எழுதப்பட்டிருக்கிறது.

சிப் பல காலம் தாங்கும். ஆனால் சாகாவரம் பெற்றது அல்ல. பிளாப்பி தட்டுகள் அதைவிட மோசம். அவற்றில் விஷயம் காந்தமாகப் பதிந்திருக்கிறது. ஆண்டுகள் ஆக ஆகக் காந்தம் மங்கும். பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் போட்டுப் பார்த்தால் ஒன்றும் வராது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஜப்பானின் கேப்காம் கம்பெனி, 1993-ல் இருந்து கடைகளில் காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகளில் ஒரு புதுப் பலகையை வைத்தது. திருட்டு நகலைத் தடுக்க, ஒரு ரகசிய எண்ணை அதற்குள் வைத்தது. அந்த எண்ணைக் காப்பது ஒரு சிறு பேட்டரி.

பேட்டரி தீர்ந்தால் எண் அழியும். எண் அழிந்தால் விளையாட்டும் செத்துப் போகும்! காசு கொடுத்து முறையாக வாங்கியவர் பெட்டியும் அதே கதிதான். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர், 'தற்கொலை பேட்டரி'.

சம்பளம் வாங்காத ரசிகர்கள் பல ஆண்டுகள் மூளையைக் கசக்கினார்கள். 2007-ல் அந்த ரகசியப் பூட்டை முழுவதுமாகத் திறந்தார்கள். அதனால்தான் அந்த விளையாட்டுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

பழைய பெட்டி போல நடிக்கும் புரோகிராம்

காப்பாற்றும் வேலை இரண்டு பங்கு கொண்டது.

முதல் வேலை, சிப்பிலோ தட்டிலோ இருக்கும் எண்களை ஒன்று விடாமல் படித்துக் கம்ப்யூட்டரில் சேர்ப்பது. ஓர் எண் தவறினாலும் விளையாட்டு கெட்டுவிடலாம். அதனால் பல பேர் தனித்தனியாக நகல் எடுத்து ஒத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது வேலை, அந்த நகலை ஓடவைப்பது. பழைய பெட்டி இப்போது எங்கே இருக்கிறது? எனவே, அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதுகிறார்கள். இதற்கு 'எமுலேட்டர்' என்று பெயர். வேஷம் போட்ட நடிகர் ராஜாவாக நடப்பது போல, இன்றைய கம்ப்யூட்டர் அன்றைய பெட்டியாக நடக்கும்.

1997-ம் ஆண்டு பிப்ரவரியில் இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா 'மாமே' என்ற எமுலேட்டரை வெளியிட்டார். பிறகு பல நாட்டு ரசிகர்கள் சேர்ந்துகொண்டார்கள். இன்று ஆயிரக்கணக்கான கடை விளையாட்டுகளின் உள்கட்டமைப்பு அதில் பதிவாகி இருக்கிறது.

எமுலேட்டர் எழுதுவது குற்றமா? அல்ல. சோனி கம்பெனி 'கனெக்டிக்ஸ்' என்ற கம்பெனி மீது போட்ட வழக்கில், 2000-ம் ஆண்டில் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு கனெக்டிக்சுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சிக்கல் எல்லாம் விளையாட்டின் நகலில்தான்.

100-க்கு 87 கிடையாது!

பழைய விளையாட்டு வேண்டும் என்றால் கடையில் வாங்கினால் போச்சு. எதற்கு நகல்? இப்படிப் பலர் கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்ல ஒரு கணக்கு எடுத்தார்கள். அமெரிக்காவில் 'வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை' என்ற அமைப்பு இருக்கிறது. அதுவும், மென்பொருள்களைப் பாதுகாக்கும் நூலகங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டன. 2010-க்கு முன்பு அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா?

100-க்கு 13 விளையாட்டுகள்தான் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. மீதி 87 எந்தக் கடையிலும் கிடையாது! கையடக்க 'கேம் பாய்' பெட்டியின் விளையாட்டுகளில் 100-க்கு 6 கூடத் தேறவில்லை.

பழைய பெட்டியையும் பழைய கேசட்டையும் தேடிப் பிடித்து, சேகரிப்பவர்கள் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டும். அல்லது, சட்டத்துக்கு விரோதமான நகலை எடுக்க வேண்டும். 

சினிமாவுக்கும் முன்பு இதே கதி வந்தது. அமெரிக்கப் பேசாத படங்களில் 100-க்கு 14 படங்கள்தான் முதலில் வெளிவந்த வடிவத்தில் மிஞ்சி இருக்கின்றன என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-ல் அறிவித்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை போனவை போனவைதான்.

சொந்தக்காரரே தொலைத்த கதை

உரிமை உள்ள கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்காதா? வைத்திருக்கவில்லை என்பதற்குப் பல சாட்சிகள் உண்டு.

அட்டாரி கம்பெனி 1982-ல் 'ஈ.டி.' என்ற விளையாட்டை ஐந்தே வாரத்தில் செய்து முடித்தது. அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 1983 செப்டம்பரில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைக்குழிக்கு லாரி லாரியாகக் கேசட்டுகள் போயின. மேலே சிமெண்டு கொட்டி மூடினார்கள்.

இது வெறும் கட்டுக்கதை என்று பலர் நினைத்தார்கள். 2014 ஏப்ரல் 26-ந்தேதி அந்தக் குழியைத் தோண்டினார்கள். கேசட்டுகள் வெளியே வந்தன! அவற்றில் ஒன்று இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குப்பைக்குப் போனது கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்று.

கொனாமி கம்பெனி தன் புகழ்பெற்ற 'சைலண்ட் ஹில்' விளையாட்டுகளை 2012-ல் புதுப்பித்து வெளியிட விரும்பியது. மூலப் புரோகிராமின் கடைசி வடிவம் கம்பெனியிடமே இல்லை! அரைகுறையாக இருந்த பழைய வடிவத்தை வைத்துத்தான் வேலை நடந்தது. வெளிவந்தபோது பிழைகள் மலிந்து கிடந்தன.

அப்பா வீட்டு அலமாரியில் கிடைத்த பெட்டி

'பிரின்ஸ் ஆப் பெர்சியா' என்ற விளையாட்டின் கதை இன்னும் சுவையானது. 1989-ல் வெளிவந்த இதை உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர். தம்பியை ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லிப் படம் பிடித்தார். அந்தப் படத்தைப் பார்த்தே விளையாட்டில் வரும் இளவரசனுக்கு நடை கொடுத்தார். இசை அமைத்தவர் அப்பா. குடும்பமே சேர்ந்த விளையாட்டு!

அதன் மூலப் புரோகிராம் எங்கோ காணாமல் போயிருந்தது. பல ஆண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. 2012-ல் அப்பா, வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தார். பின்னால் ஒரு பெட்டி. அதற்குள் பழைய பிளாப்பிகள்!

இருபது ஆண்டுக்கு மேல் ஆன தட்டுகள். சும்மா போட்டு ஓட்டினால் கெட்டுவிடலாம். கம்ப்யூட்டர் வரலாற்றைச் சேகரிக்கும் ஜேசன் ஸ்காட்டும், பழைய ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் கைதேர்ந்த டோனி டயசும் மெக்னர் வீட்டுக்கு வந்தார்கள். பதமாக ஒவ்வொன்றாகப் படித்து எடுத்தார்கள். மெக்னர் அதைப் பூட்டி வைக்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் வெளியிட்டார்.

இங்கே சொந்தக்காரரும் ரசிகர்களும் கைகோத்தார்கள். காரியம் முடிந்தது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை.

வானத்தில் இருந்து வந்த விளையாட்டு

1995 ஏப்ரலில் ஜப்பானில் ஒரு புதுமை நடந்தது. செயற்கைக்கோள் மூலம் விளையாட்டுகளை வீட்டுக்கே அனுப்பினார்கள். 'சேட்டலாவியூ' என்பது அந்தக் கருவியின் பெயர். குறிப்பிட்ட நேரத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் விளையாட்டு வந்து சேரும். சிலவற்றில் நடிகர்களின் குரலும் வானொலி நாடகம் போல உடன் வரும்.

விளையாட்டைச் சிறு மெமரி கேசட்டில் பதித்துக்கொள்ளலாம். புதிய விளையாட்டு வந்தால் இடம் இருக்காது. பழையதை அழிக்க வேண்டியதுதான்.

2000 ஜூன் மாதத்தோடு ஒலிபரப்பு நின்றது. அந்த விளையாட்டுகளில் பல கடைக்கு வரவே இல்லை.

இன்றும் ரசிகர்கள் பழைய மெமரி கேசட்டுகளை ஏலத்தில் வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று வாங்கும்போது தெரியாது. ஒன்றும் இல்லாமலும் போகலாம். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத விளையாட்டும் கிடைக்கலாம். குரல்கள் கேசட்டில் பதியாதவை. அன்று யாரோ ஒருவர் வீட்டில் வீடியோ டேப்பில் பதிவு செய்திருந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை!

நோட்டீசு வந்தால்...

இப்படிக் காப்பாற்றியதை இணையத்தில் வைத்தால் நோட்டீசு வரும்.

அமெரிக்காவில் 1998-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, உரிமை உள்ளவர் இணையதளத்துக்கு ஒரு நோட்டீசு அனுப்பினால் போதும். தளம் அந்தப் பொருளை உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் தளத்தின் மீதும் வழக்குப் போடலாம்.

பொருளை வைத்தவர் எதிர் நோட்டீசு அனுப்பலாம். 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் கம்பெனி கோர்ட்டுக்குப் போகாவிட்டால், பொருளைத் திரும்ப வைக்கலாம். கம்பெனி கோர்ட்டுக்குப் போனால்? வேண்டுமென்றே செய்த குற்றம் என்று தீர்ப்பானால், ஒரு விளையாட்டுக்கு 1½ லட்சம் டாலர் வரை நஷ்டஈடு விதிக்கலாம்! மாதச் சம்பளக்காரர் யார் இதற்குத் துணிவார்?

தொடக்கத்தில் சொன்ன 2018-ம் ஆண்டு வழக்கு அதே நவம்பரில் முடிந்தது. 'லவ்ரோம்ஸ்', 'லவ்ரெட்ரோ' என்ற அந்த இரண்டு தளங்களை நடத்தியவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தார்கள். தொகை 1 கோடியே 22 லட்சம் டாலர்!

1997-ல் தொடங்கிய 'விம்ஸ் லேர்' தளத்துக்கு 2024 ஜூனில் சோதனை வந்தது. கம்பெனிகள் கேட்டுக்கொண்டபடி ஏராளமான விளையாட்டுகளை அது எடுத்துவிட்டது.

விளையாட்டு மட்டும் அல்ல, பத்திரிகையும் தப்பவில்லை. நிண்டெண்டோ 1988 முதல் நடத்திய 'நிண்டெண்டோ பவர்' என்ற பத்திரிகையின் பழைய இதழ்களை, 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இணைய நூலகத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். பத்திரிகையே 2012-ல் நின்றுவிட்டது. ஆனாலும் 2016-ல் அந்த இதழ்களை எடுக்க வேண்டி வந்தது.

கம்பெனிகள் சொல்வது என்ன?

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒரு விளையாட்டுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பு உண்டு. நகல் இலவசமாகக் கிடைத்தால் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? சில தளங்கள் விளம்பரம் போட்டுப் பணம் பண்ணுகின்றன. ரசிகர் என்ற பெயரில் வியாபாரம் நடக்கிறது என்று கம்பெனிகள் கோபப்படுவதில் தவறு இல்லை.

பழையதை நாங்களே விற்கிறோம் என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். 2016-ல் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியைச் சிறு உருவில் திரும்பக் கொண்டுவந்தது. உள்ளேயே 30 விளையாட்டுகள். மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு அமெரிக்காவில் வந்த விளையாட்டுகள் 600-க்கும் மேல்! விற்கக்கூடிய 30 திரும்பி வந்தது. மற்றவற்றின் கதி?

2023 மார்ச் 27-ந்தேதி, நிண்டெண்டோ தன் '3டிஎஸ்', 'வீ யூ' பெட்டிகளுக்கான இணையக் கடையை மூடியது. அங்கே மட்டும் விற்ற விளையாட்டுகளை அன்று முதல் புதிதாக யாரும் வாங்க முடியாது.

நூலகம் கேட்ட அனுமதி

இணையதளங்களை விட்டுவிடுவோம். நூலகங்களாவது இந்த வேலையைச் செய்யலாமே?

அமெரிக்க நூலகங்கள் அதைத்தான் கேட்டன. பழைய விளையாட்டுகளை வைத்திருக்க அவற்றுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதைப் பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர் நூலகத்துக்கு நேரில் வர வேண்டும். 2 ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டும். மற்ற பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டை 2021-லேயே தளர்த்திவிட்டார்கள். விளையாட்டுக்கு மட்டும் தளர்த்தவில்லை.

ஆராய்ச்சியாளர் வீட்டில் இருந்தபடியே பார்க்க வழி செய்யுங்கள் என்று கேட்டார்கள். விளையாட்டுக் கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது. எந்த நிபந்தனை விதித்தாலும் சம்மதிக்க மாட்டோம் என்று அதன் வக்கீல் விசாரணையில் கூறினார்.

2024 அக்டோபரில் முடிவு வந்தது. அனுமதி இல்லை! ஆராய்ச்சி என்று வாங்கிப் பொழுதுபோக்குக்கு ஆடிவிடுவார்கள், அதனால் பழைய விளையாட்டுகளின் வியாபாரம் கெடும் என்பது காரணம்.

நடுவழி உண்டா?

உண்டு. சில இடங்களில் நடந்தும் இருக்கிறது.

ஜப்பானில் 2000-ம் ஆண்டில் இருந்து தேசிய நாடாளுமன்ற நூலகம், புத்தகங்களைப் போலவே வீடியோ விளையாட்டுகளையும் வாங்கிச் சேர்க்கிறது. டோக்கியோவில் 2011-ல் தொடங்கிய 'விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம்' அழியும் நிலையில் உள்ள பழைய தட்டுகளைக் காப்பாற்றி வருகிறது. அதன் தலைவர் ஜோசப் ரெடோன் ஜப்பானியர் அல்ல, பிரெஞ்சுக்காரர்! அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 'ஸ்டிராங்' என்ற விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது.

வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2025 ஜனவரியில் ஓர் இணைய நூலகத்தைத் திறந்தது. பழைய பத்திரிகைகள், கம்பெனிக் கடிதங்கள், படங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. விளையாட்டுகள் மட்டும் இல்லை! சட்டம் இடம் கொடுக்கவில்லை.

சேகா கம்பெனி வேறு வழியில் போயிற்று. அதன் 'சோனிக்' விளையாட்டை நேசித்த ரசிகர்களை விரட்டாமல் கூப்பிட்டு வேலை கொடுத்தது. அவர்கள் செய்த 'சோனிக் மேனியா' 2017-ல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. ரசிகருக்கு வேலை, கம்பெனிக்கு வருமானம்!

காலக் கணக்கு

கடைசியாக ஒரு கணக்கு.

அமெரிக்கச் சட்டப்படி, கம்பெனி தயாரித்த படைப்புக்கு வெளியான நாளில் இருந்து 95 ஆண்டு உரிமை உண்டு. 1985-ல் பிறந்த 'சூப்பர் மரியோ', 2081-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதிதான் எல்லாருக்கும் பொதுச் சொத்து ஆகும். 1985-ல் 10 வயதில் அதை ஆடிய சிறுவனுக்கு அப்போது வயது 106!

மரியோவுக்குக் கவலை இல்லை. அவரைக் காக்கக் கம்பெனி இருக்கிறது. கம்பெனி மூடிப்போன விளையாட்டுகள், உரிமை யாரிடம் என்றே தெரியாத விளையாட்டுகள், விற்காது என்று ஒதுக்கிய விளையாட்டுகள், கவலை அவற்றுக்குத்தான்.

சட்டம் 95 ஆண்டு பொறுக்கச் சொல்கிறது. பிளாப்பி அவ்வளவு காலம் தாங்காது. இன்று யாராவது ஒருவர் நகல் எடுத்து வைத்தால்தான், பூட்டுத் திறக்கும் அந்த நாளில் உள்ளே ஏதாவது இருக்கும்!